மானாவாரிக் காதல்

பிரிகாம் யங்குக்கு மனைவிகள் ஐம்பதுக்கு மேல், பிள்ளைகள் 57. மார்மன்கள் என்று உலகம் கூப்பிடும் பிற்காலப் பரிசுத்தவான்கள் சபைக்கு அவர் இரண்டாவது தலைவர். அமெரிக்காவின் யூட்டா பாலைவனத்தில் சால்ட் லேக் சிட்டியை உண்டாக்கியவர். அங்கே மனைவிமார் பலரைக் குடிவைக்கவே ‘லயன் ஹவுஸ்’ என்று ஒரு பெரிய வீடு கட்டினார். அந்த வீட்டில் தினம் தினம் நடந்தது சாப்பாடு இல்லை, பந்தி.

இவ்வளவு பெரிய அனுபவசாலியின் பேத்திக்கு ஒரே ஒரு கல்யாணம் நடக்க ஐந்து வருடம் ஆனது. நடுவில் ஓடியதெல்லாம் கடிதம்.

காரணம் இல்லாமல் இல்லை. தாத்தா காலத்தில் ஒரு கல்யாணம் கொஞ்சம் முன்னே பின்னே அமைந்தாலும் பரவாயில்லை, அடுத்த முகூர்த்தம் இருந்தது. 1882-லும் 1887-லும் வாஷிங்டன் சட்டம் போட்டு நெருக்கியது. பலதார மணம் செய்தவர்கள் ஜெயிலுக்குப் போனார்கள், சபையின் சொத்துக்கே ஆபத்து வந்தது. 1890-ல் அப்போதைய தலைவர் வில்ஃபர்ட் உட்ரஃப் “இனி வேண்டாம்” என்று அறிவித்தார். அதற்குப் பிறகு வயதுக்கு வந்த பையன்களுக்கும் பெண்களுக்கும் கையில் இருந்தது ஒரே ஒரு சீட்டு. ஒரே சீட்டு வைத்திருப்பவன் யோசித்துத்தான் போடுவான்.

பேத்தியின் பெயர் லேயா டன்ஃபோர்ட். அம்மா சூசா, லயன் ஹவுஸில் பிறந்த முதல் குழந்தை. சூசாவுக்கு யோசிக்கிற பழக்கம் கொஞ்சம் லேட்டாகத்தான் வந்தது. 16 வயதில் ஒரு பல் மருத்துவரைக் கட்டிக்கொண்டு, ஐந்து வருடத்துக்குள் விவாகரத்தும் வாங்கிவிட்டார். பிறகு ஜேக்கப் கேட்ஸ் என்பவரை மணந்தார். மொத்தம் 13 பிள்ளைகள் பெற்றார். அதற்கு நடுவே 1889-ல் இளம்பெண்களுக்கென்று ஒரு பத்திரிகையும் தொடங்கி நடத்தினார். நமக்கெல்லாம் ஒரு பிள்ளையை ஸ்கூல் வேனில் ஏற்றிவிட்டாலே அன்றைய வேலை முடிந்துவிடுகிறது.

பையன் ஜான் விட்ஸோ, நார்வேக்காரர். இவர் யூட்டாவுக்கு வந்த கதைக்குச் செருப்புதான் காரணம். அப்பா பள்ளி ஆசிரியர், 1878-ல் இறந்துபோனார். விதவைத் தாய் ஆன்னா, டிரான்ட்ஹைம் ஊரில் சிறுவன் ஜானின் ஷூவுக்கு அடி வைக்கக் கொடுத்தார். தைத்தவர் ரகசிய மார்மன் இல்லை, பகிரங்க மார்மன். ஷூ திரும்பி வந்தபோது ஒவ்வொன்றுக்குள்ளும் சபையின் துண்டுப் பிரசுரம் இருந்தது. ஆன்னா எடுத்து வீசவில்லை, படித்தார். 1881 ஏப்ரலில், ஐஸ் கட்டிபோல் இருந்த தண்ணீரில் முங்கி ஞானஸ்நானமும் வாங்கினார். 1883-ல் குடும்பம் கப்பலேறி யூட்டாவின் லோகன் ஊரில் இறங்கியது. அங்கே ஆன்னா துணி தைத்துப் பையனைப் படிக்க வைத்தார். பையன் கடன் வாங்கிக்கொண்டு ஹார்வர்டுக்கு வேதியியல் படிக்கப் போனார்.

1893 கோடையில் சூசா மகளையும் அழைத்துக்கொண்டு ஹார்வர்டின் கோடை வகுப்புக்கு வந்தார். பிரிகாம் யங் வாழ்க்கையில் பள்ளிக்கூடம் போனது 11 நாள். அவரே பெருமையாகச் சொல்லிக்கொண்ட கணக்கு அது. அவருடைய மகளும் பேத்தியும் ஹார்வர்டு வகுப்பில். அம்மா கூடவே உட்கார்ந்திருக்கும் இடத்தில் காதல் அரும்புமா என்று கேட்காதீர்கள். அம்மா பத்திரிகை ஆசிரியர். எந்தக் கதையை வளர்க்கலாம், எதைக் குப்பையில் போடலாம் என்று பார்த்தவுடன் தெரியும்.

மார்மன்கள் ஒருவரையொருவர் ‘சகோதரர்’, ‘சகோதரி’ என்றுதான் அழைப்பார்கள். நம் ஊர்க் கல்லூரியில் ஒரு பெண் “அண்ணா” என்று கூப்பிட்டால் அத்தோடு கதை முடிந்தது, பையன் கேன்டீனில் போய் உட்கார்ந்துவிடுவான். மார்மன் பையன் அப்படி உட்கார்ந்தால் சபையே வம்சம் அற்றுப் போயிருக்கும். அங்கே அந்தச் சொல்லுக்கு உறவுக் கணக்கே கிடையாது.

வகுப்பு முடிந்து லேயா ஊர் திரும்பினார். ஜான் பாஸ்டன் பக்கமே இருந்தார். தொடங்கியது தபால். அவுன்ஸுக்கு 2 சென்ட் ஸ்டாம்ப், ரயிலில் நாலைந்து நாள் பயணம். கேள்வி கேட்டால் பதில் வரப் பத்து நாளுக்கு மேல். பதில் வருவதற்குள் கேட்டவருக்கே கேள்வி மறந்திருக்கும். கோபத்தில் ஒன்று எழுதிப் போட்டு, மறுநாள் சமாதானமாகி இன்னொன்று எழுதினால் இரண்டும் ஒரே தபால் பையில் போய்ச் சேரும். எதை முதலில் பிரிப்பது என்பது பெறுபவரின் அதிர்ஷ்டம். நீல டிக் வராததற்கு இரவெல்லாம் தூங்காத இன்றைய பிள்ளைகளை அந்த ரயிலில் ஏற்றிப் பார்க்க வேண்டும்.

1894-ல் ஜான் ஹார்வர்டில் உச்ச மதிப்பெண்ணோடு தேறி, லோகனில் இருந்த விவசாயக் கல்லூரிக்கு வேதியியல்காரராக வந்து சேர்ந்தார். சால்ட் லேக்கிலிருந்து லோகன் 80 மைல்தான். இதோ மேளம் கொட்டிவிடும் என்று நினைப்பீர்கள். கொட்டவில்லை. ஹார்வர்டுக்கு வாங்கிய கடன் நின்றது, வீட்டில் அம்மா இருந்தார். லேயாவும் சும்மா உட்கார்ந்து வளையலை எண்ணவில்லை. 1896-ல் யூட்டா பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கினார், உடனே நியூயார்க்கின் புரூக்ளினில் இருந்த பிராட் இன்ஸ்டிட்யூட்டுக்கு மனையியல் படிக்கக் கிளம்பினார். ஜான் கிழக்கே இருந்தபோது லேயா மேற்கே. ஜான் மேற்கே வந்ததும் லேயா கிழக்கே. தண்டவாளம் போட்ட கம்பெனிக்குக்கூட இவர்கள்மேல் இவ்வளவு அக்கறை இருந்திருக்காது.

பைபிளில் யாக்கோபு ஏழு வருடம் ஆடு மேய்த்தது ராகேலுக்காக, விடிந்து பார்த்தால் முக்காட்டுக்குள் லேயா. நம் ஜான் ஐந்து வருடம் கடிதம் எழுதியது லேயாவுக்காக, கிடைத்ததும் லேயாவே. அந்த வகையில் கொடுத்து வைத்தவர்.

தாத்தா நினைத்தது நடந்திருந்தால் இந்தக் கடிதங்களை இன்று படிக்க ஆளே இருந்திருக்காது. பிரிகாம் யங்குக்கு ஆங்கில ஸ்பெல்லிங்மேல் தீராத எரிச்சல். 1850-களில் ஆள் வைத்து ‘டெசரெட்’ என்று 38 எழுத்து கொண்ட புது லிபியே செய்ய வைத்தார். 1868-ல் அதில் வாசிப்புப் புத்தகங்கள் அச்சாகின, அடுத்த வருடம் மார்மன் புத்தகமே அச்சானது. ஜனங்கள் அவர் சொல்லைக் கேட்டுப் பாலைவனத்தையே உழுதார்கள். லிபியை மட்டும் தொடவில்லை. 247 எழுத்தைச் சின்ன வயதிலேயே விழுங்கிய நமக்கு 38-க்கு இவ்வளவு பயமா என்று தோன்றலாம். அவரவர் கஷ்டம் அவரவர்க்கு.

1898 ஜூன் 1-ம் தேதி சால்ட் லேக் ஆலயத்தில் கல்யாணம் நடந்தது. அந்த ஆலயத்தைக் கட்டி முடிக்கவே 40 வருடம் ஆனது, அதைப் பார்த்தால் ஐந்து ஒன்றும் பெரிதில்லை. புதுமணத் தம்பதி அதே வருடம் ஜெர்மனியின் கோட்டிங்கனுக்குக் கிளம்பினார்கள். தேனிலவு என்று நினைத்தால் நீங்கள் ஜானை இன்னும் புரிந்துகொள்ளவில்லை. அவர் போனது பெர்ன்ஹார்ட் டாலன்ஸ் என்ற பேராசிரியரிடம் முனைவர் பட்டத்துக்கு. பிளஸ் டூ லேபில் சோதனைக் குழாயைச் சுடுதண்ணீரில் வைத்து, உள்சுவரில் வெள்ளிக் கண்ணாடி படியுமா படியாதா என்று வேர்த்துக் கொட்ட நின்றோமே, அந்த டாலன்ஸ் வினைப்பொருளின் டாலன்ஸ்தான். 1899-ல் பட்டம் வந்தது, அதே வருடம் பெண் குழந்தையும்.

பிறகு ஜான் ஒரு கல்லூரிக்கும் ஒரு பல்கலைக்கழகத்துக்கும் தலைவர் ஆனார், சபையில் அப்போஸ்தலரும் ஆனார். 1911-ல் மானாவாரி விவசாயத்தைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். எப்போதாவது பெய்கிற மழையை ஆழ உழுது மண்ணுக்குள்ளேயே பூட்டி வைத்து, தேவைப்பட்டால் ஒரு வருடம் தரிசும் போட்டு, வாய்க்கால் தண்ணீர் இல்லாமல் வெள்ளாமை எடுப்பது எப்படி என்பதுதான் விஷயம். அதைச் சோதனை வயலில்தான் கற்றார் என்று மற்றவர்கள் சொல்லிக்கொள்ளட்டும். பத்து நாளுக்கு ஒரு கடிதத்தை வைத்துக்கொண்டு ஐந்து வருடம் ஒன்றைக் கருகாமல் காப்பாற்றிய ஆளுக்கு வயல் எதற்கு?

கல்யாணத்துக்குப் பிறகு இருவரும் 54 வருடம் சேர்ந்து வாழ்ந்தார்கள், 1952-ல் ஜான் இறக்கும் வரை. அவ்வளவுக்கும் மூலம் ஒரு சிறுவனின் ஷூவுக்குள் இருந்த காகிதம். அடுத்த முறை செருப்பைத் தைத்து வாங்கினால், காலை நுழைப்பதற்கு முன் உள்ளே ஒருமுறை கையை விட்டுப் பாருங்கள்.