‘ஜஸ்ட்’ படுத்தும் பாடு

கேள்வி: ‘ஜஸ்ட்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு அகராதியில் ஏகப்பட்ட அர்த்தம் போட்டிருக்கிறதே, எதைத்தான் நம்புவது? (வாசகி, திருச்சி)

பதில்: எல்லாவற்றையும் நம்பலாம். பக்கத்தில் நிற்கும் சொல் யார் என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்!

‘ஜஸ்ட் அரைவ்டு’ என்றால் இப்போதுதான் வந்தார். ‘ஜஸ்ட் எ மினிட்’ என்றால் ஒரே ஒரு நிமிஷம். ‘ஜஸ்ட் ரைட்’ என்றால் கனகச்சிதம். ‘ஜஸ்ட் மிஸ்’ என்றால் மயிரிழையில் தப்பியது. ‘ஜஸ்ட் எ கிளார்க்’ ஆளைச் சிறிதாக்கும். ‘ஜஸ்ட் வொண்டர்ஃபுல்’ புகழைப் பெரிதாக்கும். ‘ஜஸ்ட் லிசன்’ என்பதோ, ‘கொஞ்சம் கேளேன்’ என்ற கெஞ்சல். குரல் உயர்ந்தால் அதுவே அதட்டல்.

இடம் மாறினால் இன்னும் ஆபத்து. ‘நாட் ஜஸ்ட் எ சிங்கர்’ என்றால் அவர் பாடகர் மட்டுமல்லர், அதற்கும் மேலே. ‘ஜஸ்ட் நாட் எ சிங்கர்’ என்றால் அவர் பாடகரே அல்லர்! இரண்டு சொல் இடம் மாறியதில் ஒரு வித்வான் மேடையிலிருந்து இறங்கிவிட்டார்.

இதன் பூர்வீகம் கௌரவமானது. லத்தீனில் ‘யூஸ்’ என்றால் சட்டம். ‘யூஸ்டுஸ்’ என்றால் நீதியானது. ‘ஜஸ்டிஸ்’ இதன் உடன்பிறப்பு. நீதி என்றால் தராசு முள் நேராக நிற்க வேண்டுமே! அதிலிருந்து ‘துல்லியமாக’ என்ற பொருள் பிறந்தது. ‘இம்மியும் கூடாமல்’ என்பது நாளடைவில் ‘அவ்வளவுதான், வேறில்லை’ என்றும் ஆனது.

ஆகவே தனிச் சொல்லை மனப்பாடம் செய்யாதீர்கள். முழு வாக்கியமாகவே பழகுங்கள். அர்த்தம் தானாக வசப்படும்.