'இன்னும் அரை மணிதான்': இமயமலை நடையில் கால அளவை குறித்து ஓர் ஆய்வு

எவரெஸ்டின் உயரம் 8,848.86 மீட்டர். 2020இல் நேபாளமும் சீனாவும் சேர்ந்து, புள்ளிக்குப் பின்னாலும் இரண்டு இலக்கம் விடாமல் அறிவித்த கணக்கு இது. அதே மலையின் அடிவார முகாமுக்கு நடந்து போகிறவர், வழியில் எந்த இடத்தில் நின்று "இன்னும் எவ்வளவு தூரம்?" என்று வழிகாட்டியைக் கேட்டாலும் கிடைக்கும் விடை ஒன்றுதான்: "இன்னும் அரை மணிதான்." உச்சியை சென்டிமீட்டர் கணக்கில் அளந்தவர்கள் இந்த அரை மணியை அளக்காமல் விட்டது அறிவுலகத்துக்கு நேர்ந்த குறை. அதை நீக்கப் புகுந்ததே இவ்வாய்வு.

ஆய்வுக்களம் நேபாளத்தின் சாகர்மாதா தேசியப் பூங்கா. 1976இல் அமைந்தது, 1979இல் யுனெஸ்கோவின் உலக பாரம்பரியப் பட்டியலில் ஏறியது, பரப்பு 1,148 சதுர கிலோமீட்டர். லுக்லா விமான நிலையத்தில் இறங்கி அடிவார முகாம் வரை நடக்க வேண்டியது சுமார் 65 கிலோமீட்டர். பேருந்தில் ஒரு குட்டித் தூக்கம் போடும் தூரம். இதற்குப் போக மட்டும் எட்டு நாள் என்று பயணத் திட்டத்தில் கண்டதும், வீட்டில் எக்செல் தாளோடு உட்கார்ந்திருப்பவருக்குச் சிரிப்பு வரும். 65ஐ மணிக்கு ஐந்தால் வகுப்பார். மூன்று நாள் லீவு மிச்சம் என்று மனைவியிடம் அறிவிப்பார். அந்தத் தாளை யாரும் மலைக்குக் கொண்டுபோனதாகத் தெரியவில்லை.

முன்னோர் கருத்துகளைப் பார்ப்போம். ஸ்காட்லாந்தின் மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892இல் ஒரு விதி வகுத்தார்: மூன்று மைலுக்கு ஒரு மணி நேரம், ஏற்றம் 2,000 அடிக்கு இன்னொரு மணி. நூறாண்டு கழித்து, 1993இல், புவியியலாளர் வால்டோ டோப்லர் நடை வேகத்துக்கு ஒரு சூத்திரம் தந்தார். லேசான இறக்கத்தில் மனிதன் மணிக்கு ஆறு கிலோமீட்டர் நடப்பான்; சரிவு கூடக்கூட வேகம் குறையும். இருவரும் பெரியவர்கள். ஆனால் இருவர் கணக்கிலும் மாடு இல்லை. தொங்குபாலத்துக்கு இக்கரையில் நாம் நிற்க, அக்கரையிலிருந்து எரிவாயு உருளையும் அரிசி மூட்டையும் சுமந்த ஜோப்கியோ மாடுகள் மணியடித்தபடி வரும். அப்போது மலைச்சுவரை ஒட்டி ஒதுங்க வேண்டும். பள்ளத்தின் பக்கம் ஒதுங்கினால் மூட்டை இடித்துத் தள்ளிவிடும். கடைசி மாட்டின் மணியோசை ஓயும்வரை டோப்லரும் நம்மோடு நிற்க வேண்டியதுதான்.

மேற்கண்ட குறைகளைக் களைந்து யாம் யாத்த நூற்பா வருமாறு:

ஏறுவோன் வினவின் இறுப்போன் கூற்று
அரைமணி ஆகும் யாண்டும் அதுவே.

இதன் பொருள் வெளிப்படை. 'ஏறுவோன்' என்றதனால் இறங்குவோன் விலக்கப்பட்டான். 'யாண்டும்' என்றது உயரம், வானிலை, முழங்காலின் நிலை எதுவாயினும் என்றவாறு. ஈற்றேகாரம் அசைநிலை, மூச்சு வாங்கிக்கொள்ள விட்ட இடம்.

இதற்கு எடுத்துக்காட்டு நாம்சே பஜாரிலிருந்து தெங்போச்சே போகும் பாதை. நாம்சே 3,440 மீட்டர், தெங்போச்சே சுமார் 3,860. கழித்தால் 420 வரும், மகிழ்ச்சியாக இருக்கும். பாதையோ முதலில் தூத் கோசி ஆற்றங்கரைக்கு, 3,250 மீட்டரில் இருக்கும் புங்கி தெங்காவுக்கு இறக்கிவிடுகிறது. முந்தின நாள் நாக்குத் தள்ள ஏறிச் சம்பாதித்த உயரத்தில் கொஞ்சத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அங்கிருந்து அறுநூறு மீட்டர் புழுதியில் ஏற வேண்டும். நெய்ஸ்மித்தின்படி இந்த ஏற்றத்துக்கு மட்டும் ஒரு மணி. வழிகாட்டியின்படி அரை மணி. மூன்று திருப்பம் தாண்டிக் கேட்டாலும் அரை மணி. தெங்போச்சே மடாலயத்தின் கூரை கண்ணுக்குத் தெரிந்த பிறகு கேட்டாலும், ஐயமில்லை, அரை மணி.

வழிகாட்டி பொய் சொல்கிறார் என்பாரும் உளர். அவருடைய காலுக்கு அது அரை மணிதான் என்பாரும் உளர். இரண்டும் பொருந்தாது. அவர் விடை சொல்லுமுன் பாதையைப் பார்ப்பதில்லை. கேட்டவரின் முகத்தைப் பார்க்கிறார், உதட்டின் நிறத்தைப் பார்க்கிறார். இரண்டு மணி என்றால் கேட்டவர் பாறையில் உட்கார்ந்துவிடுவார். பத்து நிமிடம் என்றால் எட்டி நடை போடுவார். அந்த உயரத்தில் அவசரம் ஆபத்து. 3,000 மீட்டருக்கு மேல் உறங்கும் இடத்தை ஒரு நாளில் 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது என்பது மருத்துவ விதி. அடிவார முகாமில், 5,364 மீட்டரில், காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய பாதி. ஆக அரை மணி என்பது கால அளவே அன்று. உட்காரவும் விடாமல் ஓடவும் விடாமல் ஆளைச் சீராக நடத்தும் மருந்தளவு. அனுபானம்: "பிஸ்தாரை, பிஸ்தாரை." மெல்ல, மெல்ல.

சுமைகூலிகள் இந்த மருந்தைக் கேட்பதில்லை. தோக்கோ என்னும் கூடையை நெற்றிப் பட்டையில் தொங்கவிட்டு, சில அடி நடந்ததும் 'டி' வடிவக் கைத்தடியைப் பின்னால் ஊன்றிக் கூடையை அதன்மேல் இறக்கி நின்றபடியே இளைப்பாறுவார்கள். நாம்சேக்குச் சுமை கொண்டுபோன ஆண்கள் சராசரியாகத் தம் உடல் எடையில் 93 சதவீதத்தைச் சுமந்ததாக 2005இல் 'சயின்ஸ்' இதழில் வந்த ஆய்வு சொல்கிறது. எட்டுக் கிலோப் பையோடு "இன்னும் எவ்வளவு?" என்று கேட்கிறவர், அவர்கள் காதில் விழாமல் கேட்பது உத்தமம்.

நூற்பாவுக்குப் புறனடை ஒன்று வேண்டும். இறங்குவோனை விலக்கினோம். ஆனால் திரும்பும் வழியின் கடைசிக் கட்டத்தில் பாக்டிங் 2,610 மீட்டரில் இருக்க, லுக்லா 2,860இல் இருக்கிறது. ஊருக்குப் போகவும் ஏறித்தான் ஆக வேண்டும். ஏறி முடித்தால் 527 மீட்டர் நீளமுள்ள சாய்ந்த ஓடுபாதை. பள்ளத்தாக்கை மேகம் மூடினால் விமானம் வராது. காலை ஆறு மணியிலிருந்து பெட்டியின்மேல் உட்கார்ந்திருக்கும் பயணி, பத்து மணிக்குக் கவுண்டருக்குப் போய் விமானம் எப்போது என்று கேட்கிறார். உள்ளே இருப்பவர் சன்னல் வழியே மேகத்தைப் பார்க்கவில்லை. பயணியின் முகத்தைத்தான் பார்க்கிறார்.