பதினான்காவது பாடம் கோரி ஒரு விண்ணப்பம்

பெறுநர்: பொதுப்பாடக் குழுவினர், மானுடவியல், அறிவியல் கல்லூரி, சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம்

பெருமதிப்பிற்குரியீர்,

பாசிர் ரிஸ்ஸிலிருந்து உங்களிடம் படிக்க வரும் பிள்ளை கிழக்கு-மேற்கு ரயில் தடத்தின் முதல் நிலையத்தில் ஏறி, இருபத்தொன்றாவது நிலையமான புவன விஸ்தாவில் இறங்கி, வட்டப் பாதைக்கு மாறி, மேலும் இரண்டு நிலையம் போனால்தான் கென்ட் ரிட்ஜ். தீவின் இந்தக் கோடியிலிருந்து அவ்வளவு தூரம் வருகிறவரை வெறுங்கையோடு அனுப்பக்கூடாது என்று 2021இல் நீங்கள் நடைமுறைக்குக் கொண்டுவந்த முடிவை எங்கள் புளோக்கே மெச்சுகிறது. பட்டத்துக்கு 40 பாடம் என்றால் அதில் 13 எல்லாருக்கும் பொது. வரலாறு படிக்க வந்தவருக்கும் செயற்கை நுண்ணறிவு. இயற்பியல் படிக்க வந்தவருக்கும் மனித வாழ்வு பற்றிய விசாரம். போதாததற்கு வடிவமைப்புச் சிந்தனை, மின்னிலக்கத் திறன், தரவு, சமூக ஈடுபாடு.

இதற்கு முந்தைய திட்டத்தில் ‘கேள்வி கேட்டல்’ என்றே ஒரு கட்டாயப் பாடம் வைத்திருந்தீர்கள். அதற்கு மதிப்பெண் கிடையாது. திருப்தியா இல்லையா, அவ்வளவுதான். இங்கே மின்தூக்கியில் ஏறினால் மூன்றாம் மாடி அக்கா இலவசமாகவே நடத்துகிறார்: என்ன படிக்கிற, சம்பளம் எவ்வளவு வரும், கல்யாணம் எப்போது? எந்தப் பதிலும் அவருக்குத் திருப்தி இல்லை. அந்தப் பாடத்தை நீங்கள் கைவிட்டுவிட்டீர்கள், அக்கா விடவில்லை.

ஆனால் 13ஐயும் விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன். ஒரு மொழி இல்லை. தமிழ், மலாய், சீனம் எல்லாம் உங்கள் மொழி ஆய்வு நிலையத்தில் விருப்பப் பாடங்களாக இருக்கின்றன, விருப்பப்பட்டவர் போகலாம். கணினியோடு பேசக் கட்டாயம், பக்கத்து வீட்டோடு பேச விருப்பம். ஆசியாவின் தொடர்புகளைப் பற்றி ஒரு கட்டாயப் பாடம் உண்டு. அதையும் ஆங்கிலத்தில் தொடர்புகொண்டே முடித்துவிடலாம்.

உங்கள் பல்கலைக்கழகத்தின் முன்னோடியான மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்தியவியல் துறை வரவிருந்தபோது, அங்கே சமஸ்கிருதமா தமிழா என்று வாதம் எழுந்தது. ‘தமிழ் முரசு’ நாளிதழின் ஆசிரியர் கோ. சாரங்கபாணி ‘தமிழ் எங்கள் உயிர்’ என்று நிதி திரட்டினார். பல்கலைக்கழக வாசலை மிதித்தே இராதவர்கள்கூட, அதற்குள் என்ன மொழி ஒலிக்க வேண்டும் என்பதற்காகக் கையில் இருந்த வெள்ளியைக் கொடுத்தார்கள். இன்று அவர்களுடைய கொள்ளுப்பேரன்களிடம் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் வருகிறது. அந்தக் குறையை உங்கள் தலையில் கட்டமாட்டேன். அது எங்கள் சமையலறையிலேயே தொடங்கிவிட்டது.

ஆகவே பதினான்காவது பாடம்: தன் வீட்டில் பேசாத அதிகாரத்துவ மொழி ஒன்று. விரிவுரை மண்டபம் வேண்டாம், ரயிலே போதும். நடைமேடை இடைவெளியைப் பற்றி நான்கு மொழியிலும் எச்சரிக்கிறார்களே, அதிலிருந்தே தொடங்கலாம். தேர்வை பாசிர் ரிஸ் உணவங்காடி நிலையத்தில் வையுங்கள். நாசி பாடாங் கடை மக்சிக்கிடம் மலாயில் குழம்பு அதிகம் கேட்டு வாங்க வேண்டும். கோப்பிக்கடை அங்கிளிடம் மாண்டரினில் முழங்கால் வலி விசாரிக்க வேண்டும். அவர் ஹொக்கியனில் பதில் சொன்னால் அது பாடத்திட்டத்துக்கு வெளியே. தமிழ்த் தேர்வுக்கு மூன்றாம் மாடி அக்கா இருக்கிறார். மதிப்பெண்ணில் கறார்.

பதிலை நான்கில் எந்த மொழியிலும் அனுப்பலாம். ஆங்கிலத்தில் அனுப்பினால் மட்டும் என் மறுமொழி தாமதமாகும். படித்துச் சொல்ல வேண்டிய பேரனுக்கு இந்த வாரம் முழுக்க வடிவமைப்புச் சிந்தனைக் குழுப்பணியாம்.

இப்படிக்கு,
பாசிர் ரிஸ் வீடமைப்பு வளர்ச்சிக் கழகக் குடியிருப்பாளர் ஒருவர்