ஆரணியில் அலறும் லேப்டாப்

புவிசார் குறியீடு பெற்ற ஆரணிப் பட்டுக்கு இப்போது முப்பரிமாணப் படமும் வேண்டும். முந்தானையை மடித்துக் காட்ட லேப்டாப்பில் ரெண்டரிங் போட்டால், ஜக்கார்டு தறியின் சத்தத்திலேயே பிறந்து வளர்ந்த ஆரணிக் காதுகூட விசிறியின் அலறலுக்குத் திரும்பிப் பார்க்கிறது.

1804-இல் பிரான்சின் ஜக்கார்டு செய்த கருவி, துளையிட்ட அட்டையைப் படித்துப் பாவு நூலைத் தூக்கியது. கணினிக்கே அது பாட்டன். பாட்டனுக்குச் சூடு ஏறியதாகக் கேள்வியில்லை. பேரனோ நூறு டிகிரியை நெருங்கினாலே தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்கிறான்.

அக்னி நட்சத்திரத்தில் அறையே நாற்பது டிகிரி. விசிறி எவ்வளவு கத்தினாலும் அந்த வெந்த காற்றைத்தானே இழுக்கும்? லேப்டாப்பை மெத்தைமேல் வைத்து அடித்துளைகளை அடைத்துவிட்டு, ‘கம்பெனி சரியில்லை’ என்கிறோம். உள்ளே நூல்தூசி அப்பிக் கிடக்கும்; அது கம்பெனி அனுப்பியதல்ல.

தூசி தட்டி, பின்பக்கத்தைச் சற்றே உயர்த்தி, விண்டோஸில் பிராசஸரின் உச்ச அளவை 99 சதவீதமாக்கினால் பெரும்பாலும் டர்போ என்னும் கூடுதல் வேகம் அணையும், சூடு இறங்கும். வேலை கொஞ்சம் நீளும். அந்த ஒரு சதவீதத்தை விட்டுத்தரத்தான் யாருக்கும் மனசு வருவதில்லை. நாள்கணக்கில் நெய்த சேலையின் படத்துக்கு அரை மணி அதிகமாம்! கடைக்காரர் அவசரப்படுத்தினால், “தறியில இருக்குதுண்ணே” என்று சொல்லிப் பார்க்கலாம்.