ஒனிகிரியும் கிருஷ்ணகிரியும்: ஒரு முன்னாய்வு

ஆய்வேட்டில் முதலில் ஆய்வின் தேவையைச் சொல்ல வேண்டுமாம். தேவை: மத்தியானம் பசிக்கும்.

ஜப்பானியர் சோற்றைக் கையால் பிடித்து, உள்ளே ஊறுகாய் வைத்து, மூன்று மூலையாக்கி, மதியத்துக்குக் கட்டிக்கொண்டு போகும் பண்டம் ஒனிகிரி. 1987இல் இஷிகாவா மாகாணத்தில் கரிந்த சோற்றுக் கட்டி ஒன்றைத் தோண்டியெடுத்து, யயோய் என்னும் பழங்காலத்து ஒனிகிரி என்றார்கள். எங்கள் குக்கரில் அப்படியொன்று வாரம் தவறாமல் கிடைக்கிறது. தொல்லியல் துறையிலிருந்து ஆள் வந்ததில்லை (அம்மா, அடுப்படி உரை).

அடுத்து, சொல்லாராய்ச்சி. 'நிகிரு' என்றால் கையால் இறுக்கிப் பிடிப்பது, முன்னால் நிற்கும் 'ஒ' மரியாதைக்கு என்று ஜப்பானிய அகராதி ஒரே வரியில் முடித்துவிடுகிறது. இவ்வளவு சுலபமாக முடிந்தால் யாருக்கு முனைவர் பட்டம் கிடைக்கும்? ஒன்று + இறுகு = ஒனிகிரி. 'று' எங்கே போயிற்று என்று கேட்பவர் தமிழ்ப் பகைவர். மேலும் சொல் 'கிரி' என்று முடிகிறது. எங்கள் ஊர் போச்சம்பள்ளி இருப்பது கிருஷ்ணகிரி மாவட்டத்தில். இதற்கு மேல் சான்று கேட்பது அநாகரிகம். தமிழுக்கும் ஜப்பானிய மொழிக்கும் உறவுண்டு என்று சுசுமு ஓனோ வாழ்நாளெல்லாம் எழுதினார். மொழியியலாளர் பலர் ஏற்கவில்லை. அவர் பெயரிலேயே ஒனிகிரியின் முன்பாதி இருப்பதை இரு தரப்பும் கவனிக்காததுதான் வியப்பு.

மேலே சுற்றும் நோரி என்னும் கடற்பாசித் தாள்: போச்சம்பள்ளியில் கடல் இல்லை.

இனி, சோதனை. பொன்னி அரிசியை வடித்து, ஈரக்கையில் உப்பு தொட்டு, நடுவில் மாங்காய் ஊறுகாய் வைத்துப் பிடித்தேன். கையை எடுத்ததும் உதிர்ந்தது. ஜப்பானிய அரிசியில் அமைலோஸ் குறைவு, அதனால் ஒட்டும். நம் பொன்னியில் அது கூடுதல், பொலபொலவென்று நிற்கும் என்று விளக்கினேன். "கஞ்சியை வடிச்சு மாட்டுக்கு ஊத்திட்டு, ஒட்டலைன்னா எப்படிடா ஒட்டும்?" (மேற்படி அம்மா, அடுப்படி உரை, திருத்திய இரண்டாம் பதிப்பு, கரண்டியுடன்).

அன்று அவள் தனக்குக் களி கிண்டிக்கொண்டிருந்தாள். நொய் வெந்ததும் கேழ்வரகு மாவைக் கொட்டி, கட்டி தட்டாமல் துடுப்பால் கிளறி, கையை நீரில் நனைத்து, ஆவி பறக்கப் பறக்கத் தட்டில் நாலு உருட்டு. உதிரவில்லை. கன்னட எல்லைக்கு அப்பால் இதுவே முத்தே. நெல்லும் ராகியும் யார் பெரியவர் என்று ராமனிடமே வழக்குக்குப் போக, ராகி வென்றதாகக் கனகதாசர் கன்னடத்தில் 'ராமதான்ய சரித்ரே' பாடியிருக்கிறார். நான் அதைச் சொன்னபோது அம்மா, "தீர்ப்பு வந்து நானூறு வருசமாச்சு, நீ இப்பத்தான் அரிசியைப் பிடிக்கிற" என்றாள் (மேற்படி, மூன்றாம் தொகுதி, பக்கத்து வீட்டுத் திண்ணையில் மறுபதிப்பு, பிழை திருத்தப்படாதது, இன்றும் விற்பனையில்).

மறுநாள் பச்சரிசியைக் குழைய வைத்தேன். முக்கோணம் நின்றது. ஆனால் டிபன் பாக்ஸ் வட்டம். சிப்காட் பஸ் வேகத்தடை ஏறி இறங்கியதில் மூன்று மூலையும் போய், மதியம் மூடியைத் திறந்தபோது இருந்தது ஊறுகாய்ச் சோறு.

முக்கோண டிபன் பாக்ஸ் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் எந்தக் கடையில் கிடைக்கும் என்று தெரிந்தவர்கள் எழுதவும். அதுவரை களி கொண்டுபோகிறேன்.