செல்லப் பிராணிகளுக்கு மட்டும்

அனுப்புநர்: ஒரு வீட்டுப் பூனை.

பெறுநர்: வேளாண்மை மற்றும் நுகர்வோர் சேவைகள் துறை, ஃபுளோரிடா மாநிலம், அமெரிக்கா.

பொருள்: எங்கள் பெயரில் விற்கும் பால் எங்களுக்கு வந்து சேராதது குறித்தும், சேர்ந்தால் நேர்வது குறித்தும்.

ஐயா / அம்மையீர்,

தங்கள் மாநிலத்தில் பச்சைப் பாலை மனிதர் குடிப்பதற்கென்று விற்கக் கூடாது. ஆனால் தீவன உரிமம் வாங்கி, ‘செல்லப் பிராணிகளுக்கு மட்டும், மனிதர் உட்கொள்ள அல்ல’ என்று லேபிள் ஒட்டிவிட்டால் தாராளமாக விற்கலாம். இதனால் எங்கள் செல்வாக்கு எங்கேயோ போய்விட்டது. சந்தையில் ஐஸ் பெட்டியும் கையுமாக வரிசையில் நிற்பவர்களைப் பார்க்க வேண்டுமே! “பூனைக்குத்தானே?” என்பார் பண்ணைக்காரர். “பூனைக்கேதான்” என்பார் வாங்குபவர். இருவர் முகத்திலும் கோயில் சந்நிதியில்கூடக் காணக் கிடைக்காத பக்தி.

எங்கள் வீட்டம்மா வாரம் இரண்டு காலன் என் பெயரில் வாங்குகிறார். அதாவது ஏழரை லிட்டர். என் எடை ஐந்து கிலோ. இந்தக் கணக்கைப் பார்க்கத் துறையில் ஒருவரும் இல்லையா? அதில் ஒரு சொட்டும் என் கிண்ணத்துக்கு வந்ததில்லை. வராததும் நல்லதுதான், வளர்ந்த பூனைகளில் பலருக்குப் பால் செரிப்பதே இல்லை. இது எந்தக் கால்நடை மருத்துவருக்கும் தெரியும். தீவனத்துக்கு உரிமம் தருபவர்களுக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை போலும்.

2025 ஆகஸ்டில் தங்கள் மாநிலச் சுகாதாரத் துறை ஒரு கணக்கு வெளியிட்டது. ஒரே பண்ணையின் பச்சைப் பாலால் கேம்பைலோபாக்டர், ஈ கோலை தொற்று கண்டவர்கள் 21 பேர். அதில் ஆறு பேர் பத்து வயது நிரம்பாத பிள்ளைகள். ஏழு பேர் மருத்துவமனையில். செல்லப் பிராணிகளுக்கு மட்டுமேயான பாலைக் குறித்த அந்த அறிவிப்பில் ஒரு பூனைகூட இல்லை என்பதைப் பணிவுடன் சுட்டிக்காட்டுகிறேன்.

எங்கள் கணக்கு டெக்சாஸில் இருக்கிறது. 2024 மார்ச்சில் கறவை மாடுகளிடம் பறவைக் காய்ச்சல் தெரியவந்த சமயம், அங்கே ஒரு பண்ணையில் நோய்ப்பட்ட மாடுகளின் பாலைப் பூனைகளுக்கு ஊற்றினார்கள். சுமார் 24 பூனைகள். பாதிக்கு மேல் செத்துப்போயின. பார்வை போய், உடல் விறைத்து, நின்ற இடத்திலேயே சுற்றிச் சுற்றி விழுந்த சாவு அது. மனிதருக்கு ஆகாத பால் எங்களுக்கு மட்டும் ஆகும் என்று தங்களுக்கு எந்த ஆய்வகம் சொன்னது?

தெனாலிராமன் கொதிக்கக் கொதிக்கப் பாலை வைத்து எங்கள் முன்னோர் ஒருவரின் வாயைச் சுட்ட கதையைச் சொல்லி இன்றும் சிரிக்கிறார்கள். அவராவது காய்ச்சிக் கொடுத்தார்! அத்தனை கொதியும் தேவையில்லை. 72 டிகிரியில் 15 விநாடி வைத்தால் பாஸ்டரைசேஷன் முடிந்தது. பறவைக் காய்ச்சல் கிருமியும் அதற்குத் தாங்காது. ஆறவைத்துக் கொடுத்தால் எங்கள் நாக்கும் தப்பும்.

பச்சைப் பால்தான் வேண்டும் என்பவர்கள் தங்கள் சொந்தப் பெயரில் வாங்கட்டும். கலிபோர்னியாவில் அப்படித்தான். குடிப்பது மனிதர் என்று ஒப்புக்கொண்டதால், பாலில் பாக்டீரியா எவ்வளவு இருக்கலாம் என்று வரம்பு வைத்துச் சோதிக்கிறார்கள். (அங்கேயும் 2024 கடைசியில் பறவைக் காய்ச்சல் கிருமி கண்டு பாலைத் திரும்பப் பெற்றார்கள், அதற்குள் குடித்துவிட்ட பூனைகள் செத்தன. பூனைக்கு எந்தச் சட்டமும் உதவவில்லை.)

ஆகவே, லேபிளிலிருந்து எங்களை உடனே நீக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். இதுவரை பெயரை இரவல் கொடுத்ததற்கு வாடகையாக மத்தி மீன் தரலாம். பால் வேண்டாம்.

இப்படிக்கு,
பூனை

நகல்: பக்கத்து வீட்டு நாய்க்கு. லேபிளில் அவரும் இருக்கிறார். அவருக்கு இன்னும் விஷயம் தெரியாது.