கடைக் கணக்கைக் கிளவுட்டில் ஏற்றுவது எப்படி?

ஸ்ரீ கெம்பாங்கானுக்கு இடமாற்றம் ஒன்றும் புதிதல்ல. 1950களின் தொடக்கத்தில், அவசரகாலத்தின்போது, சுற்றுவட்டாரச் சனங்களை ஏற்றி வந்து கம்பி வேலிக்குள் இறக்கியதில் பிறந்த ஊர் இது. அப்போது பெயர் செர்டாங் பாரு. ஈயலம்பம் தோண்டிய பள்ளம் ஏரியானது, ஏரிக்கரையில் மைன்ஸ் பேரங்காடி வந்தது. ஊரே இவ்வளவு மாறியிருக்கும்போது, உங்கள் கடை மாடியில் இருக்கும் ஒரே ஒரு கணக்குக் கணினியைக் கிளவுட்டுக்கு மாற்றுவது பெரிய காரியமா என்ன? கீழே சொல்லும் வழிமுறைகள் எல்லாம் மளிகை மொத்த வியாபாரம், லோரி கம்பெனி, கேட்டரிங், அச்சகம் என்று பல இடங்களில் நம் முதலாளிமார்கள் ஏற்கெனவே கடைப்பிடித்துப் பார்த்தவை. நம்பிச் செய்யலாம்.

முதல் வேலை, ஒரு வேலையும் செய்யாமல் இருப்பது.

இதைச் சோம்பல் என்று நினைப்பவர்களுக்கு மின்விலைப்பட்டியலின் (இ-இன்வாய்ஸ்) வரலாறு தெரியாது. வருமான வரி வாரியம் அதைக் கட்டாயமாக்கி, 100 மில்லியன் வெள்ளிக்கு மேல் ஆண்டு வியாபாரம் உள்ளவர்களை 2024 ஆகஸ்ட் 1இல் பிடித்தது. 25 மில்லியனுக்கு மேற்பட்டவர்களை 2025 ஜனவரி 1இல், 5 மில்லியனுக்கு மேற்பட்டவர்களை அதே ஆண்டு ஜூலை 1இல், 1 மில்லியனுக்கு மேற்பட்டவர்களை 2026 ஜனவரி 1இல். சின்னக் கடைக்கான விலக்கு வரம்போ முதலில் 150,000 வெள்ளி என்றார்கள், பிறகு 500,000 ஆக்கினார்கள், கடைசியில் 1 மில்லியனில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். முதல் அறிவிப்பைக் கேட்டவுடன் பதறிப்போய் மென்பொருள் வாங்கிய சின்னக் கடைக்காரரை விட, காலை நீட்டிப் படுத்திருந்தவர்தான் கெட்டிக்காரர் ஆனார். ஆகவே நீங்களும் படுத்திருங்கள். வியாபாரம் 1 மில்லியனைத் தாண்டிவிட்டதா என்பதை ஆடிட்டரிடம் கேட்காதீர்கள். கேட்டால் சொல்லிவிடுவார்.

கெடுவின் கடைசி வாரம் வந்துவிட்டதா? இப்போது ஓடலாம். ஓடுவதற்கு முன், என்னென்ன இருக்கிறது என்று பட்டியல் போட வேண்டும் என்பார்கள் விவரம் தெரிந்தவர்கள். போடக் கூடாது. போட ஆரம்பித்தால் மேசைக்கு அடியில் குனிய வேண்டிவரும்.

அங்கே இருப்பது என்ன என்பது உங்களுக்கே தெரியும். நெற்றியில் மூன்று கோடு விபூதியும் நடுவில் சந்தனப் பொட்டும் வைத்த ஒரு பெட்டி. பொட்டு போன ஆயுத பூஜையில் வைத்தது, அதற்கு அடியில் அதற்கு முந்தைய ஆண்டுகளின் பொட்டுகள் வரிசையாகக் காய்ந்திருக்கும். பெட்டியின் பக்கத்தில் மலாய், சீனம், தமிழ் என்று மும்மொழியிலும் 'அடைக்காதே' என்று எழுதி ஒட்டிய காகிதம். பின்பக்கம் ஒரு யூஎஸ்பி துளையில் சின்னதாக ஒரு பச்சைப் பிளாஸ்டிக் துண்டு, அதன்மேல் நான்கு சுற்று செலோடேப். அந்தத் துண்டைப் பிடுங்கினால் கணக்கு மென்பொருள் திறக்காது. பிடுங்கியவர் யாராக இருந்தாலும் அன்றைக்குச் சாப்பாடு இல்லை. மென்பொருள் வாங்கியது 2015இல், ஜிஎஸ்டி வந்தபோது. அரசாங்கம் கொடுத்த 1,000 வெள்ளிப் பற்றுச்சீட்டில் பாதிக் கழிவு. ஜிஎஸ்டி 2018 ஜூன் 1இல் பூஜ்ஜியமாகி, செப்டம்பரில் எஸ்எஸ்டி திரும்பி வந்தது. மென்பொருள் மட்டும் அப்படியே இருக்கிறது, 6 விழுக்காட்டை மனத்தில் வைத்துக்கொண்டு. கணினி ஓடுவது விண்டோஸ் 7இல். மைக்ரோசாப்ட் அதைக் கைவிட்டது 2020 ஜனவரியில். நாம் கைவிடவில்லை. நன்றி மறப்பது நம் வழக்கமில்லை.

இந்தப் பெட்டியில் இருப்பது பாதிக் கணக்குதான். மீதிப் பாதி 555 நோட்டில் இருக்கிறது. உள்ளங்கை அளவில், கல்லாப்பெட்டிக்குள் ரப்பர் வளையத்தில் கிடக்கும் அந்தக் கடன் புத்தகத்தைப் பற்றிக் கிளவுட் விற்க வருபவரிடம் மூச்சு விடாதீர்கள். யார் எப்போது கொடுப்பார், யாரிடம் கேட்கக் கூடாது, யாருக்குத் தீபாவளி வரை தவணை என்பதெல்லாம் அதில்கூட இல்லை, கணக்கு அக்காவின் தலைக்குள் இருக்கிறது. அக்காவுக்கு மூட்டுவலி, அடுத்த ஆண்டு நிற்கப்போவதாகச் சொல்லிவிட்டார். அவரை உட்கார வைத்து ஒரு வாரம் எழுதி வாங்கினால் மாற்றத்தில் முக்கால்வாசி முடிந்துவிடும். அதனால்தான் அதைச் செய்யக் கூடாது.

வாடிக்கையாளர் பட்டியலையும் தொடாதீர்கள். ஒரே ஆள் 'முத்து கேட்டரிங்', 'முத்து கேட்', 'எம். முத்து', 'முத்து பாலகோங்', 'முத்து (பழைய பாக்கி)' என்று ஐந்து பெயரில் இருப்பார். அப்படியே ஐந்து பேராகப் புது முறைக்கு ஏற்றிவிடுங்கள். மின்விலைப்பட்டியல் ஒன்றில் உள்ள விவரக் கட்டங்கள் 55; வாங்குபவரின் வரி எண்ணும் அதில் உண்டு. பில் கேட்காத வாடிக்கையாளருக்கு மாத முடிவில் மொத்தமாக ஒரே பட்டியல் அனுப்பலாம், ஆனால் 10,000 வெள்ளிக்கு மேற்பட்ட விற்பனைக்குத் தனிப் பட்டியல்தான். ஐந்து முத்துவில் எந்த முத்துவின் வரி எண் என்ற கேள்வி மாதக் கடைசி இரவில் எழும்போது, அலுவலகமே ஒன்றுகூடி விவாதிக்கும். குடும்ப ஒற்றுமைக்கு நல்லது.

இனி ஆள் தேடும் படலம். தொழில் தெரிந்தவர் காசு கேட்பார். உங்கள் சொந்த அக்கா மகன் கேட்க மாட்டான். கம்ப்யூட்டர் படித்த பையன், ஞாயிற்றுக்கிழமை வந்து ஒரு பிற்பகலில் எல்லாவற்றையும் ஏற்றிக் கொடுத்துவிடுவான். எதைச் செய்தாலும் அவனுடைய ஜிமெயிலில், அவனுடைய கைப்பேசி எண்ணில், அவனுடைய கார்டில் செய்யச் சொல்லுங்கள். கடையின் இணைய முகவரி, மின்னஞ்சல், கணக்கு மென்பொருளின் தலைமை நிர்வாகி, மொத்தமும் மருமகன் பெயரில். உங்களுக்கு எதற்கு அந்தத் தொல்லை?

மருமகன் எட்டு மாதம் கழித்துச் சிங்கப்பூரில் வேலை கிடைத்துப் போவான். போகத்தான் போவான், நம் பிள்ளைகள் போகாத ஊரா? ஒரு திங்கட்கிழமை காலை, சம்பளம் போடும் நேரத்தில், மென்பொருள் உங்களை வெளியே தள்ளி ஆறு இலக்க எண் ஒன்றைக் கேட்கும். அப்போது நடக்கும் உரையாடலை முன்கூட்டியே தருகிறேன், ஒத்திகை பார்த்துக்கொள்ளுங்கள்.

"டேய் தம்பி, நம்பர் வந்துச்சா?"

"மாமா, அந்தப் பழைய சிம்மை நிறுத்தியாச்சு மாமா. இப்ப சிங்கப்பூர் நம்பர்."

"அப்ப உள்ள எப்படிப் போறது?"

"அவங்களுக்கு எழுதிக் கேக்கணும். கம்பெனிப் பத்திரம் எல்லாம் கேப்பாங்க. மாமா, மேனேஜர் கூப்பிடுறாரு, அப்புறம் பேசறேன்."

அப்புறம் என்பது சீனப் புத்தாண்டு விடுமுறைக்கு அப்புறம்.

கடவுச்சொல்லைப் பொறுத்தவரை ஒன்றே போதும். கடைப் பெயர், அதற்குப் பின்னால் 123. எல்லோரும் ஒரே கணக்கில் நுழைந்தால் ஆளுக்கொரு சந்தா கட்ட வேண்டாம். யார் எந்தப் பில்லை அழித்தார் என்று கண்டுபிடிக்க முடியாததால் சண்டையும் வராது. போன ஆண்டு கோபித்துக்கொண்டு நின்றுபோன விற்பனையாளருக்கும் இன்னும் அதே கடவுச்சொல் வேலை செய்யும் என்பதை மறந்துவிடுங்கள். அவர் மறந்திருக்க மாட்டார்.

அடுத்து, தொழிலாளர்களின் அடையாள அட்டை, கடப்பிதழ், வங்கிக் கணக்கு எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து ஒரே கோப்புறையில் போட்டு, 'இணைப்பு உள்ள எவரும் பார்க்கலாம்' என்று வைத்து, வாட்சாப் குழுவில் அனுப்பிவிடுங்கள். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010இல் வந்தது, 2013 நவம்பரிலிருந்து நடப்பில் உள்ளது. தரவு கசிந்து பாதிப்பு வருமென்றால் 72 மணி நேரத்துக்குள் ஆணையரிடம் தெரிவிக்க வேண்டும் என்ற விதி 2025 ஜூன் 1 முதல் சேர்ந்திருக்கிறது. கசிந்ததே தெரியாத வரைக்கும் கவலை இல்லை.

பேக்கப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதில்தான் முதலாளிமார்களுக்குத் தைரியம் அதிகம். "கிளவுட்ல இருக்குதே, பேக்கப் எதுக்கு?" என்ற கேள்வியை எத்தனையோ கடைகளில் கேட்டிருக்கிறேன். மேசைக்கு அடியில் இருந்ததை விட நல்ல இடம்தான், சந்தேகமே இல்லை. 2021 டிசம்பர் வெள்ளத்தில் ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவில் தண்ணீர் கூரையைத் தொட்டபோது, கீழ்த்தளத்தில் இருந்த கடைகளின் கணக்கும் சேற்றோடு போனது. ஆனால் கிளவுட் என்பதும் எங்கோ ஒரு கட்டடத்தில் இருக்கும் கணினிதான். அரை மணி நேரம் கார் ஓட்டினால் சைபர்ஜெயாவில் ஜன்னல் இல்லாத அந்தக் கட்டடங்களை நீங்களே பார்க்கலாம். கட்டடம் என்றால் தீயும் பிடிக்கும். 2021 மார்ச் 10இல் பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் ஓவிஎச் நிறுவனத்தின் தரவு மையம் ஒன்று முழுதாக எரிந்தது. பேக்கப்பையும் அங்கேயே வைத்திருந்தவர்கள் இரண்டையும் இழந்தார்கள். தென்கொரியாவின் தேஜோனில் 2025 செப்டம்பர் 26இல் அரசாங்கத் தரவு மையத்தில் மின்கலம் தீப்பிடித்து, அரசு ஊழியர்களின் 858 டெராபைட் கோப்புகள் போயின. அவ்வளவு பெரிசுக்கு பேக்கப் எடுக்க முடியாது என்று எடுக்காமலே விட்டிருந்தார்கள். ஆஸ்திரேலியாவின் யூனிசூப்பர் ஓய்வூதிய நிதிக்கு 2024 மே மாதம் தீகூடத் தேவைப்படவில்லை. கூகுள் கிளவுட்டில் ஒரு அமைப்புப் பிழையால் அதன் தனிக் கிளவுட் அழிந்தது. வேறொரு நிறுவனத்திடம் ஒரு நகல் வைத்திருந்ததால் பிழைத்தார்கள்.

இதையெல்லாம் படித்துவிட்டு மிரண்டு போகாதீர்கள். நீங்கள் கொரிய அரசாங்கத்தை விடவா சின்ன ஆள்? அவர்கள் எடுக்காத பேக்கப்பை நீங்கள் எதற்கு எடுக்க வேண்டும்? கேட்பவர்களிடம் "கூகுள் டிரைவ்ல ஓடுது" என்று சொல்லுங்கள். கடைப் பையன் இங்கே ஒரு கோப்பை அழித்தால் அங்கேயும் அழியும், குப்பைத் தொட்டியில் 30 நாள் கிடந்துவிட்டு அடியோடு போகும் என்பதை அவர்கள் கேட்க மாட்டார்கள். கணக்குப் பத்திரங்களை ஏழு ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்கிறது வருமான வரிச் சட்டம். 30 நாளுக்கும் ஏழு ஆண்டுக்கும் நடுவில் ஏதோ கொஞ்சம் இடைவெளி இருக்கிறது, பார்த்துக்கொள்ளலாம்.

செலவு? ஆளுக்கு மாதம் இத்தனை டாலர் என்று விளம்பரத்தில் பார்த்தால் டீ காசு மாதிரித்தான் இருக்கும். அதை வெள்ளிக்கு மாற்றாதீர்கள், பன்னிரண்டால் பெருக்காதீர்கள், 8 விழுக்காடு சேவை வரியைச் சேர்க்காதீர்கள். வெளிநாட்டு மின்னியல் சேவைக்கு 2020இல் 6 விழுக்காடாக வந்த வரி, 2024 மார்ச்சில் 8 ஆனது. நின்றுபோன விற்பனையாளரின் சந்தாவையும் சேர்த்தே கட்டிக்கொண்டிருங்கள். ஒருநாள் இந்தச் சேவை வேண்டாம் என்று முடிவு செய்தால் நம் கணக்கை எந்த வடிவில் திருப்பித் தருவார்கள் என்று மட்டும் விற்பனைப் பையனிடம் கேட்டுவிடாதீர்கள். நல்ல பையன், முகம் வாடிப்போகும்.

எல்லாம் தயாரா? மாற்றும் நாளைத் தீபாவளிக்கு முதல் வாரத்தில் வையுங்கள், கடையில் கூட்டம் இருந்தால்தானே சோதித்த மாதிரி இருக்கும். பழைய முறையையும் புதிய முறையையும் ஒரு மாதம் சேர்த்து ஓட்டிப் பார்க்கச் சொல்பவர்கள் வியாபாரம் தெரியாதவர்கள். இணைய இணைப்பு ஒன்று போதும். சாலையோரம் தோண்டுகிறவர்கள் கேபிளை அறுத்தால் 555 நோட்டு இருக்கவே இருக்கிறது.

இந்த வழிமுறைகளைப் பின்பற்ற மனமில்லாதவர்களும் ஒருசிலர் இருப்பீர்கள். உங்களுக்கு இரண்டே வேலை. இன்று இரவே அக்கா மகனைக் கூப்பிட்டு, கடையின் மின்னஞ்சலும் நிர்வாகிக் கணக்கும் யார் பெயரில், எந்த எண்ணில் இருக்கிறது என்று கேளுங்கள். பதில் இழுத்தால், அவன் சிங்கப்பூர் பஸ் ஏறுவதற்கு முன்னால் உங்கள் பெயருக்கு மாற்றிவிடுங்கள். நாளைக் காலை, கடையில் ஆள் சேருவதற்கு முன், மூன்று வருடத்துக்கு முந்தைய ஒரு பில்லின் எண்ணைச் சொல்லி, அதை பேக்கப்பிலிருந்து எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். எடுத்துக் காட்டினால் கணக்கு அக்காவுக்கும் சேர்த்து டீ சொல்லுங்கள். முடியவில்லை என்றால், மேசைக்கு அடியில் இருக்கும் அந்தப் பெட்டியை இப்போதைக்கு யாரும் அடைக்க வேண்டாம்.